சூரியன் வீட்டுக்கு அனுமதிச் சீட்டு

சூரிய பகவான் நாள்தோறும் உதிக்கிறான். அதற்காக எவரிடமும் அவன் கட்டணம் கேட்பதில்லை. ஆனால், பசிபிக் சமுத்திரத்தின் நடுவே ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மாவியில், மலையுச்சியிலிருந்து சூரியோதயம் காண விரும்புகிறவர்கள் முன்கூட்டியே சீட்டுப் பெற்றாக வேண்டும். மோட்டார் ஒன்றுக்கு ஒரு டாலர். "சூரியனைப் பார்ப்பதற்குமா டிக்கெட்?" என்று நேயர்கள் கேட்கக்கூடும். விஷயம் முழுவதையும் அறிந்த பிறகு, அது நியாயமே என்று அவர்களும் சொல்வார்கள் என்பது நமது நம்பிக்கை.

அந்த மலையின் பெயர் ஹலேயாகலா. 'சூரியனின் வீடு' என்று பொருள். உயரம் 10,023 அடி. பெயருக்கேற்ற புராணக் கதையும் உண்டு. முற்காலத்தில் சூரியன் வெகு வேகமாக வானத்தைக் கடந்து சென்றானாம். ஹீனா என்னும் மாது மரப்பட்டையால் செய்த துணி உலர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அவளுடைய மகன் மாவி இம்மலையின் மீது ஏறி, சூரியனுடைய கிரணங்களைக் கயிற்றால் சுருக்கிட்டுப் பிடித்தான். 'இனி மெதுவாகப் போகிறேன்' என்று வாக்களித்த பின்னரே விட்டானாம். தாயாரின் துணி உலர வேண்டுமென்பதற்காகச் சூரியனையே கட்டிப்போட்ட பிள்ளையை நமது இல்லத்தரசிகள் மெச்சாமல் இருப்பார்களா?

1866-ஆம் வருஷத்தில் மார்க் ட்வைன் ஹவாய்க்குச் சென்றபோது, இம்மலைமீது ஏறி உதயத்தைக் கண்டு பரவசமடைந்தார். அக்காலத்தில் அது எளிய காரியமன்று. 1935-இல் உச்சிவரை மோட்டார்ச் சாலை போட்டுவிட்டார்கள். கடற்கரையில் புறப்படும் வண்டி சுமார் 38 மைல் தூரத்துக்குள் பதினாயிரம் அடி ஏறிவிடுகிறது. சௌகரியம் வந்ததும் கூட்டமும் வந்தது. விடியற்காலையில் நிறுத்த இடமின்றி வண்டிகள் சாலையோரங்களையெல்லாம் அடைத்துக்கொண்டன. ஆகவே, 2017 பிப்ரவரி முதல், காலை 3 மணிக்கும் 7 மணிக்கும் இடையே தேசியப் பூங்காவுக்குள் நுழையும் வண்டிகளுக்கு முன்பதிவு அவசியம் என்று விதித்தார்கள். 60 நாளுக்கு முன்பே பதிவு தொடங்குகிறது. பூங்காவின் நுழைவுக் கட்டணம் வேறு.

இதில் நெரிசல் மட்டுமன்றி உயிர்களின் க்ஷேமமும் அடங்கியிருக்கிறது. ஹலேயாகலாவின் மேற்சரிவுகளில் வெள்ளி வாள்களைக் கொத்தாக நட்டு வைத்ததுபோல் ஒரு செடி வளர்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத இந்த இனம் பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்து, அத்துடன் மடிகிறது. அதைச் சுற்றியுள்ள மண்ணை மிதித்தாலே மண்ணுக்குள் மேலாகப் படர்ந்த வேர்கள் நசுங்கிவிடும். நேநே என்னும் வாத்தினம் மாவியில் அடியோடு அழிந்துபோய், 1962 முதல் இம்மலையில் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டது. வண்டிச் சக்கரங்களில் அகப்பட்டு அவை இன்றும் மாள்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹவாய்ப் பழங்குடியினருக்கு இச்சிகரம் புண்ணிய ஸ்தலம். பிறர் கோயிலில் நடக்கும் முறைப்படியே நாமும் அங்கே நடந்துகொள்ள வேண்டாமா?

உதயத்தைக் காண விரும்புவோர் செய்ய வேண்டியவற்றைச் சொல்லுவோம். பருவத்துக்கேற்ப அங்கே சூரியன் சுமார் 5.40 முதல் 7 மணிக்குள் உதிக்கிறான். கஹுலுயி நகரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பிரயாணம். மேற்குக் கரையிலிருந்து இரண்டு மணிக்கு மேலாகும். கீழ்வானம் சிவக்கத் தொடங்கும் அழகையும் காண வேண்டுமானால் அரை மணி முன்னதாக அங்கிருக்க வேண்டும். கடற்கரை வெப்பத்தை நம்பி மெல்லிய உடையில் போனவர்கள் நடுங்கிப் போவார்கள். உச்சியில் கடலோரத்தைவிட ஏறக்குறைய 30 டிகிரி பாரன்ஹீட் குறைவாயிருக்கும். காற்றும் பலமாக வீசும். கம்பளிச் சட்டையும், தலைக்குக் குல்லாயும், போர்வையும் அவசியம். பூங்காவுக்குள் பெட்ரோலும் உணவும் கிடையாதாகையால், கீழேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். காற்று மெலிந்திருப்பதால் இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்டே புறப்படட்டும். கடலில் பிராணவாயுக் குடுவையுடன் மூழ்கி நீந்தியவர்கள் அன்றே மலையேறலாகாது. கொண்டையூசி வளைவுகள் பல. மாடுகளும் குறுக்கே வரும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியரில் வண்டியை விடுவது உத்தமம்.

இத்தனை பாடும் படவேண்டுமா என்று கேட்போருக்கு நமது யோசனை ஒன்றுண்டு: அஸ்தமனத்துக்குப் போங்கள்! அதற்கு முன்பதிவு தேவையில்லை. குழந்தைகளை நடுநிசியில் எழுப்ப வேண்டாம். வெளிச்சத்திலேயே ஏறி, 7 மைல் நீளமுள்ள மாபெரும் பள்ளத்தாக்கில் செம்மண்ணும் கருஞ்சாம்பலும் நிறம் மாறுவதைக் காணலாம். பெரும்பாலான நாட்களில் மேகங்கள் காலடிக்குக் கீழே வெண்கடலாய்ப் பரந்திருக்கும். சூரியன் அதில் அமிழ்வான். அதே சமயம் திரும்பிக் கிழக்கே பார்த்தால், மலையின் நிழல் மேகத்தின்மேல் முக்கோணமாக நீளும். பிறகு நக்ஷத்திரங்கள்! இருட்டில் இறங்கவேண்டிய சிரமம் மட்டுமே எஞ்சும்.

உதயமானாலும் அஸ்தமனமானாலும் மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. அதற்குச் சீட்டுப் பணம் திரும்பி வராது. அந்தத் துணிவுடன்தான் போகவேண்டும். மாவி அன்று சூரியனைக் கட்டினான். இன்றோ சூரியனை விட்டுவிட்டு மோட்டார்களைக் கட்டுகிறார்கள். தாய்க்காகச் செய்த காரியத்தைப் போலவே, மலைக்காகச் செய்யும் இந்தக் காரியமும் நன்றே என்போம்.