ஊசியும் ஓர் அமானிதமே

 

பழங்காநத்தத்தில் அஸருக்குப் பின் நம்மிடம் ஓத வரும் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், சில வாரங்களாகப் பாடத்தின் நடுவே அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்து போவான். திரும்பியதும் தண்ணீர்ப் பானையருகே நிற்பான். ஓதுவதற்குச் சோம்பல் என்று எண்ணி அவனைக் கண்டித்தோம். உடல் மெலிந்து வந்ததையும் நாம் கவனிக்கவில்லை. ஒருநாள் வாந்தியும் மூச்சிரைப்புமாக அவனை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். முதல் வகை நீரிழிவு என்றார் மருத்துவர். பின்னர் அவனிடமும் அவன் பெற்றோரிடமும் மன்னிப்புக் கேட்டோம். அந்த வருத்தமே இதை எழுதத் தூண்டியது.

"நாங்க என்ன பாவம் செஞ்சோம் ஹஜ்ரத்?" என்று அவனுடைய அத்தா கேட்டார். இது தண்டனையன்று. பருவமடையாத பிள்ளையின் மீது பாவம் எழுதப்படுவதில்லை என்பது நம் மார்க்கம். இனிப்பு கொடுத்துக் கெடுத்ததால் வந்ததுமன்று. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, வழி தவறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களையே அழித்துவிடுகிறது. இதில் தாயின் குற்றமும் இல்லை, தந்தையின் குற்றமும் இல்லை.

ஆயினும் உறவினர் சும்மா இருப்பதில்லை. கண்ணேறு என்பார் ஒருவர். ஊசியை நிறுத்திக் கருஞ்சீரகம் கொடுங்கள் என்பார் மற்றொருவர். நம்மிடமே தண்ணீர் ஓதித் தரக் கேட்டு வருகிறார்கள். ஓதித் தருகிறோம், துஆவும் செய்கிறோம். ஆனால் ஊசிக்குப் பதிலாக அன்று. இந்நோயுள்ள பிள்ளைக்கு இன்சுலினை ஓரிரு நாள் நிறுத்தினாலும் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறும் ஏவினார்கள்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் இந்நோய் கண்ட பிள்ளைகள் மாதங்களில், அல்லது ஓரிரு ஆண்டுகளில் மெலிந்து இறந்தனர். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கே முதன்முதலில் இன்சுலின் செலுத்தப்பட்டது. அன்று மூடியிருந்த வாசலை இன்று அல்லாஹ் நமக்குத் திறந்து வைத்திருக்கிறான். அதைக் கைவிடுவது பக்தியாகாது. பன்றியிலிருந்து எடுக்கப்பட்டதோ என்று சிலர் தயங்குகின்றனர். முன்பு மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்தது உண்மை. இன்று பெரும்பாலும் பாக்டீரியா, ஈஸ்ட் ஆகியவற்றின் துணைகொண்டே தயாரிக்கிறார்கள். ஐயமிருப்பின் மருத்துவரிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

பெற்றோரே, அழுவது பொறுமைக்கு மாறானதன்று. யூஸுஃப் நபியைப் பிரிந்த துயரால் யஃகூப் நபியின் கண்கள் வெளுத்துப் போயின. அவர்களுடைய ஸப்ரோ அழகியதென்று போற்றப்படுகிறது. தன் முறையீட்டை அவர்கள் அல்லாஹ்விடம் வைத்தார்கள். நீங்களும் அவ்விதமே அழுங்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசி போடுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், மதுரை வெயிலில், தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் நனையாதபடி மருந்தை வைத்துக் காக்கும் தாயின் உழைப்பு அல்லாஹ்விடம் வீணாகாது.

உஸ்தாதுகளுக்கும் ஜமாஅத்தாருக்கும் ஒரு சொல். இத்தகைய பிள்ளை பாடத்தின் நடுவே உண்ண வேண்டியிருந்தால் தடுக்காதீர்கள். அவன் வியர்த்து நடுங்கினால், தாமதியாமல் சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுங்கள்; மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். தோழர்கள் நோன்பு வைக்கும்போது அவனுக்கும் ஆசை வரும். நோயாளிக்கு இறைவனே சலுகை தந்திருக்க, அவனை யாரும் கேலி செய்யலாகாது. பெண்பிள்ளையாயின் நாளை நிக்காஹ் தடைபடுமென்று நோயை மறைக்கிறார்கள். மறைக்கும் வீட்டில் ஊசி தவறும். அந்த அச்சத்தை உண்டாக்கியது நம் சமுதாயம்தான். போக்க வேண்டியதும் நாமே.

அந்தச் சிறுவன் மீண்டும் ஓத வருகிறான். பையில் குர்ஆனுடன் ஒரு பிஸ்கட் பொட்டலமும் இருக்கிறது. இப்போது அவன் எழுந்தால் நாம் ஏன் என்று கேட்பதில்லை.

வல்ல அல்லாஹ் அவனுக்கும் இந்நோயுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆஃபியத்தையும், பெற்றோருக்கு மன வலிமையையும் தருவானாக! ஆமீன்.