வான்வழிகாட்டியை மறைக்கும் உரிமை எவருக்கு?

இருளில் நடப்பவனின் கைவிளக்கைச் சொல்லாமற் கொள்ளாமல் ஊதி அணைத்துவிட்டு, "உன்னைக் காப்பதற்காகவே பயிற்சி செய்கின்றேன்" என்று ஒரு காவலன் கூறினால், அதனை எவர் ஏற்பார்? வல்லரசுகளின் படைப் பயிற்சிகள் சில இன்று இந்த நிலையிலேயே இருக்கின்றன.

ஜீ.பி.எஸ். என்னும் வழிகாட்டு முறை ஐக்கிய அமெரிக்கப் படைத்துறை ஆக்கியது. அதன் செய்மதிகள் ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்திலே சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் அலை நிலத்தை அடையும்போது மிகமிக மெலிந்துவிடுகின்றது. அதே அலைவரிசையில் அண்மையிலிருந்து ஒரு கருவி இரைச்சலை எழுப்பினால், செய்மதியின் குரல் அதில் மூழ்கிவிடும். எதிரி இவ்வாறு செய்தால் சமாளிப்பது எப்படி என்று அறியவே படைகள் அலைகளைத் தாமே தடுத்துப் பரீட்சிக்கின்றன. ஆனால், படைவீரன் யார், மீனவன் யார் என்னும் பேதம் அந்த இரைச்சலுக்குத் தெரியாது.

2007 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியாகோ துறைமுகத்தில் நிகழ்ந்ததைப் பாருங்கள். கடற்படைக் கப்பல்கள் இரண்டு நடத்திய பயிற்சியினால் நகரில் ஜீ.பி.எஸ். அலை ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மறைந்தது. கைத்தொலைபேசிகள் செயலிழந்தன, வைத்தியர்களை அவசரத்துக்கு அழைக்கும் கருவிகள் ஊமையாயின, துறைமுகத்திற் கப்பல்களை நெறிப்படுத்தும் ஏற்பாடும் குலைந்தது. செய்தவர்களுக்கே தாம் செய்வது தெரிந்திருக்கவில்லை!

2011 ஒக்டோபரில் ஸ்கொத்லாந்துக் கடலிலே பெரும் கூட்டுப் படைப்பயிற்சி நடைபெற்றபோது, மேற்குத் தீவுகளின் மீனவர்கள் தங்கள் உயிருக்கு ஆபத்து நேரும் என்று முறையிட்டனர். பிரித்தானியப் படைத்துறை அலைத்தடுப்பை இடைநிறுத்தியது. வலை வீசும் கைகள் ஒன்றுபட்டு உயர்ந்தபோது பீரங்கி பிடித்த கைகள் தாழ்ந்தன. இது சிறிய வெற்றியன்று.

"நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும், பயிற்சியும் வேண்டும். ஆனால், இந்த அலை இன்று படையினரின் தனிச்சொத்தன்று. விமானமும் கப்பலும் அதனை நம்புகின்றன. பெரும் பண்ணைகளில் உழவு இயந்திரம் அதன் துணையோடு நேர்கோட்டில் ஓடுகின்றது. தொலைபேசி வலையமைப்புகள் தமது நேரத்தை அதனைக் கொண்டே சீராக்குகின்றன. அமெரிக்காவில் விமானிகளுக்கு முன்னறிவித்தல் கொடுக்கின்றார்கள்; ஆபத்து நேர்ந்தால் பரீட்சையை நிறுத்தக் கோரும் வழியும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கு உண்டு. நன்று. ஆனால், விமானிகளின் அறிவித்தலைக் கமக்காரன் படிப்பானா? அவன் எவரிடம் "நிறுத்துங்கள்" என்று சொல்வது?

ஆகவே, அறிவித்தல் அலுவலகக் கோவையில் உறங்காமல் துறைமுகத்துக்கும் வயலுக்கும் வைத்தியசாலைக்கும் சென்று சேர வேண்டும். ஆபத்து என்று ஒரு குரல் எழுந்ததும் பரீட்சை நிற்க வேண்டும். நட்டம் விளைந்தால் விளைத்தவரே ஈடு செய்ய வேண்டும். இவை சலுகைகளல்ல, உரிமைகள்.

மக்களுக்காகவே படை, படைக்காக மக்களல்லர்.