வேகவைத்தால் போதும் என்று யார் சொன்னது?

பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறவர்கள் கட்டாயம் கடைசிவரை படியுங்கள்.

மரக்காணம், கோட்டக்குப்பம் பக்கம் லீவு நாளில் போய், கல்லில் ஒட்டியிருக்கும் ஆளியையும் முகத்துவாரத்து மட்டியையும் தாங்களே அள்ளிச் சமைக்கும் வீடியோக்கள் நம் குரூப்புகளில் சுற்றுகின்றன. யாராவது பயந்து கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "நல்லா வேகவெச்சா ஒண்ணும் ஆகாது சார்." இது பாதி உண்மை. மீதிப் பாதி ஆளைக் கொல்லும்.

ஆளியும் மட்டியும் கடல்நீரை வடிகட்டித்தான் சாப்பிடுகின்றன. சாக்கடை கலந்த நீராக இருந்தால் கிருமிகள் உள்ளே சேரும். அதற்கு நெருப்பு மருந்து. ஓடு திறந்த பிறகும் சில நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும். சமைக்கும் முன் தட்டினால் மூடாததையும், வெந்த பிறகு திறக்காததையும் தூக்கிப் போட வேண்டும். இதுவரை வீடியோக்காரர்கள் சொல்வது சரி.

ஆனால் கடலில் கண்ணுக்குத் தெரியாத சில நுண்பாசிகள் உண்டு. அவை பெருகும்போது அவற்றின் நஞ்சு சிப்பியின் சதையில் சேர்கிறது. சாக்சிடாக்சின் என்று பெயர். மீனென்றால் குடலை எடுத்துவிட்டுச் சமைக்கிறோம். சிப்பியைக் குடலோடு தின்கிறோம். இந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. மரக்காணம் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? கடல்நீரைக் காய்ச்சினால் தண்ணீர்தானே போகும், உப்பு போகுமா? வேகும்போது நஞ்சில் கொஞ்சம் சாற்றில் இறங்கும். அந்தச் சாற்றைத்தான் "சத்து" என்று குழந்தைக்கு ஊற்றுகிறோம்!

கதை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 1981இல் கல்பாக்கத்தை ஒட்டிய வயலூரில் மட்டி தின்று 85 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வரும் ஊர்தான் அது. 1997இல் கேரளத்து விழிஞ்ஞத்தில் ஆளி தின்று ஏழு பேர் இறந்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இவர்கள் எல்லாரும் பச்சையாகவா தின்றார்கள்?

"மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறார்களே" என்பீர்கள். விழிஞ்ஞத்தாரும் தலைமுறையாகச் சாப்பிட்டவர்கள்தான். பெரும்பாலான நாள் கடல் சுத்தமாக இருக்கும்; ஏதோ ஒரு பருவத்தில் நஞ்சேறும். கடல் நிறம் மாறாமலேயும் ஏறும். வாசனையில், ருசியில் தெரியாது. பூண்டைப் போட்டுப் பார்ப்பது, வெள்ளிக் கரண்டியை விட்டுப் பார்ப்பது எல்லாம் வெறும் நம்பிக்கை. இரவு முழுக்க நல்ல தண்ணீரில் ஊறவைத்தால் மணல் போகும், நஞ்சு போகாது. ஒரு கிலோ சதையில் 0.8 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் உண்ணத் தகாது என்பது உலக உணவுத் தர விதி. அந்த அளவை நாக்கு காட்டுமா? ஆய்வகம்தான் காட்டும்.

ஆகவே சிப்பி விஷயத்தில் பாதுகாப்பு அடுப்பில் இல்லை, அள்ளும் இடத்தில் இருக்கிறது. சோதிக்காத இடத்துச் சிப்பியை அள்ளாதீர்கள். குழந்தைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சின்ன உடம்புக்குக் கொஞ்சம் நஞ்சே அதிகம்.

சாப்பிட்ட அரை மணியிலோ சில மணி நேரத்திலோ உதடு, நாக்கு, விரல்நுனி மரத்துப் போனால் மோர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். உடனே 108. திண்டிவனமோ முண்டியம்பாக்கமோ, எது பக்கமோ அங்கே போய், "சிப்பி சாப்பிட்டோம்" என்று முதலில் சொல்லுங்கள். இதற்கு மாற்று மருந்து இல்லை. மூச்சு நிற்காமல் கருவி வைத்துக் காப்பாற்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். நேரம்தான் உயிர்.

சிப்பி எடுத்துப் பிழைக்கும் மீனவப் பெண்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சோதனை இல்லாத ஊரில் முதல் பலி அவர்கள் வீட்டுச் சட்டிதான். என் கேள்வி அரசைப் பார்த்து. ஹைதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் வழியே பாசிப் பெருக்கத்தைக் கவனிக்கிறது. ஆனால் செயற்கைக்கோளுக்குக் கடலின் நிறம்தான் தெரியும், சதையில் ஏறிய நஞ்சு தெரியாது. மீன்வளத் துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் நம் கடற்கரைச் சிப்பியை மாதம் ஒருமுறையாவது சோதித்து, முடிவை ஊராட்சிப் பலகையில் தமிழில் எழுதிப் போடட்டும். "இங்கே குளிக்காதீர்" என்று பலகை வைக்கத் தெரிந்தவர்களுக்கு "இந்த மாதம் சிப்பி எடுக்காதீர்" என்று எழுதத் தெரியாதா?

உங்களில் பலர் இன்று அரசுப் பணியில் இருக்கிறீர்கள். சிலர் நிருபர்கள், சிலர் ஊராட்சி உறுப்பினர்கள். ஆளுக்கொரு மனு எழுதுங்கள். அதுவரை அந்த வீடியோக்களைப் பகிராதீர்கள். யாராவது போட்டால் இந்தப் பதிவை அதன் கீழே ஒட்டுங்கள்.