ஜப்பானின் தலைநகரம் டோக்கியோ. சரி, அதற்குப் பிறகு?

போன தவணை தரம் 9 பிள்ளைகளுக்கு ஓர் ஒப்படை கொடுத்தோம். "நீங்கள் விரும்பும் ஒரு நாடு பற்றித் தகவல் திரட்டி வாருங்கள்." அவ்வளவுதான் அறிவுறுத்தல். இரண்டு வாரம் கழித்து மேசையில் 36 கோப்புகள் வந்து சேர்ந்தன. அதில் 14 ஜப்பான். பதினான்கிலும் ஒரே புஜி மலை, ஒரே புல்லட் ரயில், ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை.

விசாரித்துப் பார்த்தால், ஒரு கொம்யூனிகேஷன் கடையில் ஜப்பான் என்று ஒரு கோப்பு எப்போதும் தயாராக இருக்கிறதாம். காசைக் கொடுத்தால் முன்பக்கத்தில் பிள்ளையின் பெயரை மட்டும் மாற்றி, கலரில் பிரிண்ட் எடுத்து, பைண்டிங்கும் செய்து கொடுக்கிறார்கள்.

கடைக்காரரைத் திட்டத்தான் முதலில் வாய் வந்தது. பிறகு வெட்கமாகிப் போனது. கடையில் விலைக்கு வாங்கக்கூடிய ஒன்றைத்தானே நாம் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறோம்? தலைநகரம், நாணயம், சனத்தொகை, கொடி, ஏற்றுமதி. இதைத் திரட்டப் பிள்ளை எதற்கு? பிரிண்டர் போதும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த 36இல் ஒன்று மட்டும் ஒற்றை ரூல் தாளில் கையால் எழுதப்பட்டிருந்தது. நாடு கட்டார். படமில்லை, பைண்டிங் இல்லை. ஒன்றரைப் பக்கம். கடைசி வரி இப்படி இருந்தது: "கோடை காலத்தில் வாப்பாவுக்குப் பகலில் வெளி வேலை இல்லை. விடியற்காலையில்தான் போவார். அது ஏன் என்று எனக்குத் தெரியாது."

கலர் ஜப்பானுக்கு 10க்கு 8 போட்டோம். இந்தப் பிள்ளைக்கு 6.

36 கோப்புகளில் புவியியல் இருந்தது அந்த ஒரு தாளில் மட்டும்தான். அதற்குத்தான் குறைந்த புள்ளி. இந்தப் பதிவு அதற்கான பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரே பேச்சு: கல்வி டிஜிட்டல் ஆக வேண்டும், வகுப்புக்கு ஸ்மார்ட் போர்ட் வேண்டும். பழைய மாணவர் சங்கமும் அதற்குத்தான் நிதி சேர்க்கிறது. சேர்க்கட்டும். ஆனால் அந்தப் போர்ட் வந்த பிறகு அதில் என்ன நடக்கிறது? முன்பு கரும்பலகையில் எழுதிய அதே ஐந்து வரி, இப்போது கலரில் பவர்பொயின்டாக ஓடுகிறது. இல்லையென்றால் யூடியூப்பில் "இந்த நாட்டைப் பற்றி நீங்கள் அறியாத 10 ஆச்சரியத் தகவல்கள்" என்று பின்னணி இசையோடு ஒரு காணொளி. பிள்ளைகள் ஆவென்று பார்க்கிறார்கள். மணி அடிக்கிறது. பாடம் முடிந்துவிட்டது என்று நாம் பதிவேட்டில் எழுதுகிறோம். பார்த்ததும் படித்ததும் ஒன்றா?

எமது வாட்ஸ்அப் குழுக்களைப் பாருங்கள். உலக நாடுகளும் தலைநகரங்களும் என்று ஒரே பிடிஎஃப் வருடத்துக்கு நான்கு தடவை வருகிறது. அனுப்பியவருக்கு முப்பது பேர் நன்றி சொல்கிறார்கள். திறந்து பார்த்தவர் எத்தனை பேர்?

இணையம் வெறும் தகவல் மூட்டை என்று நினைத்ததுதான் எமது முதல் பிழை. மூட்டை எப்போதும் இருந்தது. பாடநூலே கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழில் இலவசமாகக் கிடக்கிறது. இணையத்தின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. பிள்ளை தன் கையால் அளக்கலாம், ஒப்பிடலாம், நேற்றையதையும் இன்றையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சுவரில் தொங்கும் தேசப்படத்தால் அது முடியாது.

வெறும் வாயால் சொல்லாமல், பிறகு நாம் செய்து பார்த்த மூன்றைச் சொல்கிறோம்.

ஒன்று. அந்தக் கட்டார் கேள்வியையே வகுப்பில் எடுத்தோம். தோஹாவின் மாத வெப்பநிலை வரைபையும் எமது ஊருக்குக் கிட்டிய வானிலை நிலையத்தின் வரைபையும் இணையத்தில் எடுத்து, ஒரே தாளில் வரைய வைத்தோம். எமது கோடு ஏறத்தாழ மட்டமாகப் போகிறது. தோஹாவின் கோடு மலைபோல் ஏறி, யூலையில் சராசரி உச்ச வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுகிறது. ஏன்? பூகோளத்தைத் திருப்பினார்கள். தோஹா 25 பாகை வட அகலக்கோட்டில், கடகக்கோட்டுக்குக் கிட்ட. யூனில் சூரியன் ஏறத்தாழத் தலைக்கு மேல். அப்படியென்றால் கடல் பக்கத்தில் இருக்கிறதே, குளிர்ச்சி தராதா என்று ஒரு பிள்ளை கேட்டது. கடலின் ஆழத்தைத் தேடினோம். அந்த வளைகுடாவின் சராசரி ஆழம் சுமார் 35 மீற்றர்தான். ஆழமில்லாத நீர் சீக்கிரம் சூடாகிறது, ஆவியாகிறது, காற்றில் ஈரம் ஏறுகிறது. ஈரக் காற்றில் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடம்பு ஆறாது. அதனால்தான் யூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெயிலில் திறந்த வெளி வேலைக்கு அங்கே சட்டத்தால் தடை. அகலக்கோடு, காலநிலை, கடல், தொழில், சட்டம் எல்லாம் ஒரு கேள்வியில் வந்துவிட்டன. அந்தப் பிள்ளை அன்று பின்வாங்கில் இருந்து எழும்பி முன்வாங்குக்கு வந்தது.

இரண்டு. சுவரில் தொங்கும் உலகப்படத்தில் கிறீன்லாந்து ஆபிரிக்காவுக்குச் சமமாகத் தெரிகிறது. 1569இல் மேர்க்கேட்டர் கடலோடிகளுக்காக வரைந்த முறை அது. திசையைச் சரியாகக் காட்டும், துருவத்தை நோக்கிப் போகப் போகப் பரப்பை ஊதிப்பெருக்கும். தி ட்ரூ சைஸ் என்று ஓர் இலவச இணையத்தளம் இருக்கிறது. அதில் ஒரு நாட்டை விரலால் இழுத்து இன்னொரு நாட்டின் மேல் வைக்கலாம். சவூதியை இழுத்துக் கிறீன்லாந்தின் மேல் வைத்தார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு, 21 இலட்சம் சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஆபிரிக்காவோ 3 கோடி சதுர கிலோமீற்றர், கிறீன்லாந்தைப் போல் 14 மடங்கு. "அப்ப இந்தப் படம் பொய்யா சேர்?" என்று கேட்டான் ஒருவன். பொய்யில்லை மகன், ஒரு தேவைக்காக வரைந்த படத்தை எல்லாத் தேவைக்கும் மாட்டிவைத்தது எங்கள் பிழை என்றோம்.

மூன்று. கூகுள் ஏர்த்தில் டைம்லாப்ஸ் என்று ஒரு வசதி. 1984 முதல் ஆண்டுக்கு ஆண்டு பூமி எப்படி மாறியது என்று செய்மதிப் படங்களில் ஓட்டிக் காட்டும். சவூதியின் வடக்கில் வாதி அஸ்-சிர்ஹான் பகுதியைத் திறந்தோம். தொடக்கத்தில் ஏறத்தாழ வெறும் மணல். வருடம் நகர நகரப் பச்சைப் புள்ளிகள், பிறகு நூற்றுக்கணக்கான வட்டங்கள். எமது வகுப்பில் பாதிப்பேர் வயல்காரர் பிள்ளைகள். "எங்கட வயல் வரம்பு நேராத்தானே போகுது, இது ஏன் வட்டம்?" என்றார்கள். நடுவில் ஆழ்கிணறு, அதைச் சுற்றிச் சுழலும் நீர்க்குழாய், அதனால் வட்டம். தண்ணீர் எங்கிருந்து? பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்து நிலத்தடியில் தேங்கிய மழை. எடுத்தால் திரும்ப நிரம்பாது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் பாலைவன நாடு 1990களின் தொடக்கத்தில் கோதுமையை ஏற்றுமதி செய்யும் அளவுக்குப் போனது. தண்ணீர் வற்றுவதைக் கண்டு 2008இல் கொள்கையை மாற்றி, 2016 அளவில் உள்நாட்டுக் கோதுமைக் கொள்வனவையே நிறுத்தியது. சவூதி என்றால் எண்ணெய், பாலைவனம், பேரீச்சம்பழம் என்று எழுதிப் பழகிய பிள்ளைகள் அன்று தம் ஊர்க் குழாய்க் கிணறுகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

இதற்கு என்ன செலவு? ஸ்மார்ட் போர்ட் இல்லை. ஆசிரியரின் ஒரு கைத்தொலைபேசி. இரவு டேட்டாவில் வீட்டிலேயே திரையைப் பதிவு செய்துகொண்டோம். வகுப்பில் இணையம் தேவைப்படவில்லை. இரண்டு படங்களைக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தோம், ஐந்து குழுவுக்கு ஐந்து பிரதி.

இப்போது வழக்கமான சாட்டுகளுக்கு வருவோம்.

"எங்கள் பாடசாலையில் வசதியில்லை." வசதியில்லை என்பது உண்மை. ஆனால் நகரத்துப் பெரிய பாடசாலையில் எல்லா வசதியும் இருந்தும் பவர்பொயின்ட்தானே ஓடுகிறது? அங்கேயும் இங்கேயும் முதலில் இல்லாமல் போனது கேள்வி.

"பாடத்திட்டம் முடிக்க நேரமில்லை." மேலே சொன்ன கட்டார் பாடத்துக்கு இரண்டு பாடவேளை, 80 நிமிடம். காலநிலை அலகைத் தனியாக நோட்ஸ் கொடுத்து முடிக்க நமக்கு அதைவிட அதிகம் போகிறது. பிறகு பரீட்சைக்கு முன் அதே அலகை மறுபடியும் படிப்பிக்கிறோம். நேரம் எங்கே போகிறது என்று கணக்குப் பாருங்கள்.

"போனைக் காட்டினால் பிள்ளை கெட்டுவிடும்." ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி வாசலில் நின்று இதைச் சொல்லும் பெரியவர்களிடம் மரியாதையோடு ஒன்று கேட்கிறோம். பிள்ளையின் கையில் போன் ஏற்கெனவே வந்துவிட்டது. 2020இல் கொரோனா வந்து பாடசாலை மூடியபோது நாமே வாங்கிக் கொடுத்தோம். அதை எதற்குப் பாவிப்பது என்று சொல்லிக்கொடுக்க ஒருவருமில்லாத வீட்டில்தான் அது கெடுக்கிறது.

சொல்லிக்கொடுக்காததன் விலை என்ன? 2016இல் ஒரு செய்தி சுற்றியது ஞாபகமிருக்கும். கூகுள் தன் வரைபடத்திலிருந்து பாலஸ்தீனத்தின் பெயரை நீக்கிவிட்டதென்று. கோபத்தோடு எல்லோரும் பகிர்ந்தோம். அந்தப் பெயர் அதற்கு முன்பும் அங்கே எழுதப்பட்டிருக்கவில்லை என்று அந்த நிறுவனம் பதில் சொன்னது. உண்மையில் கோபப்பட வேண்டிய இடம் அதுவல்லவா? 1988இலேயே இலங்கை அங்கீகரித்த ஒரு நாட்டின் பெயர் அந்த வரைபடத்தில் இல்லாமல் இருந்ததை நாம் அத்தனை வருடமும் கவனிக்கவே இல்லை. பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் முன்பு ஒரு தடவையாவது அந்த வரைபடத்தைத் திறந்து பார்த்தோம்? பெயரை எழுதுவது யார், எல்லையைப் புள்ளிக்கோடாகப் போடுவது யார், ஏன் என்று வகுப்பில் ஒரு நாளாவது கேட்டோமா? 2025இல் மெக்சிக்கோ வளைகுடாவுக்கு அமெரிக்காவில் திறந்தால் ஒரு பெயர், மெக்சிக்கோவில் திறந்தால் இன்னொரு பெயர், மற்ற நாடுகளில் இரண்டும் என்று அதே வரைபடம் காட்டத் தொடங்கியது. இணையத்தை நம்பாதே என்று பயமுறுத்துவதைவிட இதைக் காட்டிப் படிப்பிப்பது எவ்வளவு மேல்!

இன்னொரு பக்கமும் யோசியுங்கள். தூர தேசத்தில் ஓர் ஆசிரியர் தன் பிள்ளைகளிடம் "இலங்கை பற்றித் தகவல் திரட்டி வாருங்கள்" என்கிறார். பிள்ளை தேடுகிறது. தேயிலை, யானை, சீகிரியா, யுத்தம், 2019 குண்டுவெடிப்பு, 2022 பெற்றோல் வரிசை. ஒரு பக்கத்தில் நாடு முடிந்தது. அந்தப் பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்களா? உங்கள் உம்மா இருக்கிறாரா? எமக்குக் கோபம் வரும். நைஜீரியாவுக்கும் பங்களாதேஷுக்கும் நாம் செய்துகொண்டிருப்பது அதையேதான். டொலர் ஸ்ட்ரீட் என்று ஒரு தளம், 50க்கும் அதிகமான நாடுகளில் வீடுகளுக்குள் போய் அடுப்பு, படுக்கை, பல்துலக்கி எல்லாவற்றையும் படமெடுத்து வருமான வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறது. அரை மணி நேரம் காட்டிப் பாருங்கள். ஒரே நாட்டுக்குள் எத்தனை நாடுகள் இருக்கின்றன என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

இப்னு பதூதா 1344இல் எமது தீவுக்கு வந்தார் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அவர் போன இடமெல்லாம் என்ன உண்கிறார்கள், எதை விற்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுப் போனவர். பெருமை பேசும் நாம் பிள்ளையைப் பிரிண்ட் கடைக்கு அனுப்புகிறோம்.

எமது பிள்ளைகள் பலருக்கு வெளிநாடு பாடநூல் விஷயமே இல்லை. வாப்பாவும் நானாவும், சில வீடுகளில் உம்மாவும் அங்கேதான். நாளை இவர்களும் போவார்கள். நாணயத்தின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு விமானம் ஏறுவதா, அந்த மண்ணையும் வெயிலையும் சட்டத்தையும் விளங்கிக்கொண்டு ஏறுவதா என்பதை எமது வகுப்பறைதான் தீர்மானிக்கிறது.

அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை வகுப்பில் திரை மாட்டியிருக்கிறது என்று எண்ணுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். மேற்பார்வைக்கு வரும்போது ஒப்படைக் கோப்பைத் திறந்து, இதில் பிள்ளை கேட்ட கேள்வி எங்கே என்று எங்களைக் கேளுங்கள்.

சக ஆசிரியர்களிடமும் ஒன்று. அடுத்த தவணை நாட்டின் பெயரைக் கொடுக்காதீர்கள், ஒரு கேள்வியைக் கொடுங்கள். "ஜப்பான் பற்றி எழுதுக" என்றால் கடைக்காரரிடம் பதில் இருக்கிறது. "ஜப்பானில் பாடசாலைகள் ஏன் மூடப்படுகின்றன, எமது ஊரில் ஏன் வகுப்பறை போதவில்லை? இரு நாட்டுச் சனத்தொகைக் கூம்பகங்களையும் ஒப்பிடுக" என்றால் அவரிடம் கோப்பு இல்லை.

கட்டார் ஒப்படையின் புள்ளியைத் திருத்திவிட்டோம். திருத்திய தாளை அந்தப் பிள்ளை படமெடுத்து வாப்பாவுக்கு அனுப்பியிருக்கிறது. அவர் குரல் பதிவில் எங்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டு இப்படிச் சொன்னார்: "ஏழு வருஷமா இந்த வெயில்ல நிக்கிறன் சேர். காரணம் இப்பதான் மகள் சொல்லித் தந்தா."