உஷ்ண தேசமும் பிரயாண காலமும்

உஷ்ண தேசங்களுக்குச் செல்வோர் எம்மாதங்களை விலக்க வேண்டும் என்ற கேள்விக்கு, மேனாட்டுப் பிரயாண வழிகாட்டிகள் பல ஒரே விடையைக் கூறி வருகின்றன. இந்தியாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அதனை விலக்கி, அக்டோபர் பிறந்தபின் புறப்படுக என்பதே அவ்விடை. மும்பைக்கும் கொங்கணக் கரைக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டுக்கோ இது முற்றிலும் தலைகீழான புத்திமதியாகும்.

காரணம் வெளிப்படை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதித் தன் நீரின் பெரும்பகுதியை அப்புறமே பொழிந்துவிடுகிறது. நமது மழை ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவது. இம்மாகாணத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலுமே பெய்கிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்தது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தது. வழிகாட்டியை நம்பி அந்நாட்களில் வந்திறங்கிய யாத்திரிகன் யாரை நோவான்? இலங்கையின் நிலையும் இத்தகையதே. அத்தீவின் மேற்குக் கரையில் மழை கொட்டும் ஜூன் மாதத்தில், கிழக்கே திருகோணமலை வறண்டிருக்கும். ஒரு தேசம் முழுமைக்கும் ஒரே பஞ்சாங்கம் வகுப்பது பேதைமை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

கடலூர் ஜில்லாவில் மணிமுத்தாற்றங்கரையிலுள்ள விருத்தாசலத்தை எடுத்துக்கொள்வோம். பழமலைநாதர் கோயிலின் மாசிமகப் பெருவிழாவுக்குப் பதினாயிரக்கணக்கான ஜனங்கள் திரளுகின்றனர். தையும் மாசியும் மழை ஓய்ந்து, வெயில் முதிராத மாதங்கள். உள்ளூர் அறிந்தவரைக் கேட்டால், அப்பொழுதே வருக என்பர். மே 4 முதல் 28 வரையில் நிகழும் அக்கினி நட்சத்திரக் காலத்தில் வரவேண்டாமென்றும் அவர்களே தடுப்பர். வருவோர் தொகை குறையினும் உண்மையைச் சொல்லித் தடுப்பதே உபசாரமாகும்.

ஆனால் காலத்தைத் தேர்ந்துகொள்ளும் பாக்கியம் பிரயாணிக்கு மட்டுமே உரியது. 1864 முதல் ஆங்கில ஆட்சியினர் கோடை தோறும் கல்கத்தாவை விட்டுச் சிம்லாவுக்கு ஏறினர்; சென்னை அரசாங்கம் உதகமண்டலத்துக்கு ஏறிற்று. ஆண்டவர் மலையில் குளிர்ந்திருக்க, ஆளப்பட்டவர் சமவெளியில் வெந்தனர். அவ்வாட்சி 1947-ல் அகன்றது, வெயில் அகலவில்லை. விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். பீங்கான் வேக 1,200 டிகிரி அளவிலான வெப்பம் வேண்டும். வெளியே அக்கினி நட்சத்திரம், உள்ளே சூளை. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் தொழிலாளியிடம், இக்காலத்தில் இங்கு வராதே என்று எந்த வழிகாட்டி கூறும்? ஐப்பசி அடைமழையிலோ பச்சை மண் உலராது. வேலை தடைப்பட்டால் கூலியும் தடைப்படும். யாத்திரிகன் விலக்கும் இரு பருவங்களும் அவனுக்கு விலக்க முடியாதவை.

தமிழ்நாட்டு அரசாங்கம் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் உயிரிழப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என விதித்தது. இதனை நாம் மனமார வரவேற்கிறோம். எனினும் மாண்டபின் தரும் பணம் மாளாமற் காக்கும் ஏற்பாட்டுக்கு ஈடாகாது. கோடையில் வேலை நேரத்தை விடியற்காலைக்கும் மாலைக்கும் மாற்றுதல், நடுப்பகலில் கூலி குறையாத ஓய்வளித்தல், சூளையருகே குடிநீரும் நிழலும் அமைத்தல் ஆகியவை எட்டாத காரியங்களல்ல. ஜன ஊழியர்களுக்கும் இதில் பங்குண்டு. சித்திரை வெயிலில் நண்பகற் கூட்டம் கூட்டி, முதியோரையும் பெண்டிரையும் மணிக்கணக்காய் மைதானத்தில் நிறுத்தும் வழக்கத்தை அவர்கள் முதலில் கைவிட வேண்டும்.

அந்நியனுக்கு, இக்காலத்தில் வாராதே என அன்புடன் எச்சரிக்கும் நாம், போக்கிடமற்ற நம்மவனுக்கு அக்காலத்தைக் கடக்க வழி செய்யாதிருப்பது நியாயமாகுமா? பருவத்தை மாற்ற நம்மால் இயலாது. வேலை நேரத்தை மாற்ற இயலும். அடுத்த கோடைக்கு முன் அதனைச் செய்விப்பது தேசாபிமானிகள் கடமை.