இரட்டைப் போறணையும் இழந்துவரும் கைப்பழக்கமும்

எங்கள் ஊரில் பாண் வேகும் அடுப்புக்குப் போறணை என்று பெயர். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்களுள் அதுவும் ஒன்று. கனடாவில் என் மகளின் குசினிச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு போறணைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அங்குள்ள பிள்ளைகள் அதனை 'அவன்' என்கிறார்கள். "மேல் அவன் நல்லவன் அப்பா, கீழ் அவன்தான் சரியில்லை" என்று மகள் தொலைபேசியில் முறையிட்டபோது, வீட்டில் வாடகைக்கு இருக்கும் யாரோ இருவரைப் பற்றிச் சொல்கிறாள் என்றே முதலில் நினைத்தேன்.

சென்ற மார்கழியில் ரொறன்ரோவுக்குப் போனபோதுதான் விடயத்தின் கனம் புரிந்தது. மகள் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்பவள். நத்தார்க் கேக் மெல்லிய சூட்டில் இரண்டு மூன்று மணித்தியாலம் வேக வேண்டியது. இரண்டு போறணைகளையும் நம்பி முன்பணம் வாங்கியிருந்தாள். கேக் வேலைக்கு முன்னர் அடுப்பைத் துப்புரவாக்க எண்ணி, 'தானாகச் சுத்தமாகும்' பொத்தானை அழுத்தியிருக்கிறாள். மறுநாள் கீழ்ப் போறணையின் மின்திரை ஒளிர்ந்தது, கடிகாரம் ஓடியது, சூடு மட்டும் வரவில்லை.

திருத்துநர் ஒருவர் வந்தார். பத்து நிமிடம் பார்த்தார். கருவி எதையும் வெளியில் எடுக்கவில்லை. "கட்டுப்பாட்டுப் பலகை போய்விட்டது, பழைய மாதிரி, புதிதாக வாங்குங்கள்" என்று சொல்லி, வந்துபோனதற்கான கட்டணத்தையும் பெற்றுக்கொண்டு போய்விட்டார். புதியது வாங்குவது என்றால் பணம் மட்டுமன்று பிரச்சினை. இந்தப் போறணைகள் பெரும்பாலும் 27 அங்குலம் அல்லது 30 அங்குல அகலத்தில் வருகின்றன. ஆனால் உயரம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடுகிறது. புதியது பழைய குழிக்குள் பொருந்தாவிட்டால் அலுமாரியையும் வெட்ட வேண்டும்.

"மாமா, உது இனிச் சரிவராது, மாத்துவம்" என்றார் மருமகன். எனக்கு மனம் ஒப்பவில்லை. 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுழற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்டு மறுநாள் பத்திரிகைக்கு எழுதியவர்கள் நாங்கள். சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் அது. அந்தப் பெருமிதம்தான் அடுத்து நான் செய்த பிழைக்கும் காரணமாயிற்று.

"அடிச் சுருள்தான் எரிந்திருக்கும்" என்று ஒரே போடாகப் போட்டேன். சூடு தரும் அந்தச் சுருளை அளந்து பார்க்கவில்லை. புதியதை வரவழைத்தோம், மூன்று நாள் காத்திருந்து மாட்டினோம், சூடு வரவில்லை. மின்பாகங்களைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றது கடை. அளக்காமல் தீர்ப்புச் சொன்ன திருத்துநருக்கும் எனக்கும் இருந்த வேறுபாடு ஒன்றுதான். அவர் கட்டணம் வாங்கினார், நான் கட்டணம் செலுத்தினேன்.

அதன் பின்னரே அறிவோடு தொடங்கினோம். இரட்டைப் போறணையில் ஒரு வசதி உண்டு. பழுதான ஒன்றின் பக்கத்திலேயே பழுதற்ற அதன் இரட்டை நிற்கிறது. இரண்டும் பெரும்பாலும் ஒரே இணைப்பிலிருந்து மின்னைப் பெறுகின்றன. இரண்டுமே சூடாகவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மின் வழங்கலை. வட அமெரிக்காவில் இந்த அடுப்புகள் 240 வோல்ற்றில் இயங்குகின்றன. அது 120 வோல்ற் கொண்ட இரண்டு கம்பிகளால் ஆனது. அவற்றுள் ஒன்று அறுந்தாலும் திரை ஒளிரக்கூடும், சூடு வராது. அப்போது இரட்டைப் பிரேக்கரை முழுவதுமாக அணைத்து மீண்டும் போட்டுப் பார்ப்பது முதல் வைத்தியம். ஒன்று மட்டும் வேலை செய்யாவிட்டால் குற்றவாளி அநேகமாக அந்தப் போறணைக்குள்ளேயே இருக்கிறான்.

எனவே ஒவ்வொரு பாகத்தையும் மேல் போறணையின் அதே பாகத்தோடு ஒப்பிட்டு அளந்தோம். பிரேக்கரை அணைத்து, மின் இல்லை என்பதை மீற்றரால் உறுதிசெய்த பின்னரே கை வைத்தோம். 2,500 வாற் சுருள் ஒன்றுக்கு ஏறத்தாழ 23 ஓம் தடை இருக்க வேண்டும். வோல்ற்றைத் தன்னாலேயே பெருக்கி வாற்றால் வகுத்தால் கிடைக்கும் கணக்கு அது. நான் கழற்றி எறிந்த பழைய சுருளும் 23 ஓம் காட்டியது, புதியதும் 23 ஓம் காட்டியது. மருமகன் ஒன்றும் சொல்லவில்லை, அவர் பண்பானவர்.

அடுத்தது வெப்ப உணரி. உட்சுவரில் பென்சில் போல நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குழல் அது. அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 1,080 முதல் 1,100 ஓம் வரை காட்டுவதே இவ்வகை அடுப்புகளில் பரவலாகக் காணப்படும் அளவு. மேலதும் கீழதும் ஒன்றுபோலவே காட்டின. இந்த உணரி பழுதானால் கேக் கருகும், அல்லது வேகாது, அல்லது திரையில் பிழைக் குறியீடு தோன்றும். இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் மாற்றிவிடக்கூடிய பொருள்.

எஞ்சியது பின்புறத்தில் இருக்கும் வெப்பக் காப்பு உருகி. அதை எட்ட அடுப்பையே வெளியே இழுக்க வேண்டும். இரட்டைப் போறணை நூறு கிலோவை எட்டும், சில அதையும் தாண்டும். கதவுகளையும் தட்டுகளையும் கழற்றிப் பாரத்தைக் குறைத்து, அதே உயரத்தில் உறுதியான மேசையொன்றை முன்னால் நிறுத்தி, அயல்வீட்டு இளைஞர் இருவரின் துணையோடு மெல்ல இழுத்தோம். உள்ளே, பலகையின் பின்னால், மடித்துச் செருகிய தாள் ஒன்று இருந்தது. மின்சுற்றின் வரைபடம், ஒவ்வொரு பாகமும் காட்ட வேண்டிய ஓம் அளவு, பிழைக் குறியீடுகளின் பொருள் ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. அத்தனை ஆண்டுகளாக மகளின் சொந்தச் சுவருக்குள் இருந்த அறிவு, அவளது கண்ணில் படாத இடத்தில் வைக்கப்பட்டிருந்தது.

வெப்பக் காப்பு உருகி அறுந்திருந்தது. தானாகச் சுத்தமாகும் முறையில் போறணை ஏறத்தாழ 480 பாகை செல்சியஸ் வரை கொதிக்கிறது. சுவருக்குள் பதிக்கப்பட்ட அடுப்பில் அந்தச் சூட்டை வெளியேற்றுவது ஒரு சிறிய விசிறி. மாத்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து, கையால் தள்ளினாலும் தயங்கியே சுழன்றது அது. உருகி தன் கடமையைச் செய்து உயிர் துறந்திருந்தது. உருகியை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த தடவையும் அது போயிருக்கும். விசிறியையும் சேர்த்து மாற்றினோம். இரண்டு பாகங்களுக்கும் சேர்த்து, ஒரு குடும்பம் உணவகத்தில் ஒருவேளை உண்ணும் தொகை ஆயிற்று. 'செத்துப்போன' கட்டுப்பாட்டுப் பலகை இன்றும் வேலை செய்கிறது. உண்மையாகவே பலகை பழுதானாலும், அதைக் கழற்றி அனுப்பினால் திருத்தித் தருபவர்கள் அந்நாட்டில் இருக்கிறார்கள். திருத்துநர் அதையும் சொல்லவில்லை.

இனி என் கருத்துக்கு வருகிறேன். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் தாமே திருத்த வேண்டும் என்பது என் வாதமன்று. எரிவாயுவில் இயங்கும் போறணையின் குழாய்களையும் அடைப்பான்களையும் தொடவே கூடாது. மேலே நுண்ணலை அடுப்பு சேர்ந்த வகையாயின் அதன் உட்பகுதியைத் திறக்கக் கூடாது. மின்னை அணைத்த பின்னரும் அதன் மின்தேக்கி ஆளைக் கொல்லும். சுவருக்குள் ஓடும் கம்பி கருகியிருந்தால் உரிமம் பெற்ற மின்தொழிலாளியை அழைக்க வேண்டும். காப்பு உருகியை நீக்கிவிட்டுக் கம்பியால் நேரே இணைப்பது திருத்தம் ஆகாது. அது வீட்டுக்கு வைக்கும் கொள்ளி. எங்கள் ஊரிலும் உருகிக்குப் பதிலாகச் செப்புக் கம்பியைச் சுற்றும் கெட்டிக்காரர்களைக் கண்டிருக்கிறேன். பற்றாக்குறைக் காலத்தில் பழகிய அந்தக் கெட்டித்தனத்தை நான் புகழ மாட்டேன்.

ஆனால் இவற்றுக்கு இப்பால் ஒரு பெரும் பரப்பு இருக்கிறது. கேக் ஒரு பக்கம் கருகினால் பலகையைக் குறை சொல்லுமுன், சிறிய வெப்பமானியை உள்ளே வைத்து அரை மணித்தியாலம் பொறுத்துப் பார்க்கலாம். சூடு ஏறி இறங்குவது இயல்பு, சராசரியே கணக்கு. பல அடுப்புகளில் 35 பாகை பரனைற் வரை கூட்டவும் குறைக்கவும் பொத்தான்களிலேயே வழி உண்டு. சுத்தமாக்கிய பின் கதவு திறக்காவிட்டால் இழுத்து உடைக்காமல், நன்றாக ஆறவிட்டு, பிரேக்கரைச் சில நிமிடம் அணைத்துப் போட்டால் பெரும்பாலும் பூட்டு விடும். கதவைச் சுற்றியுள்ள முத்திரைப் பட்டி கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம். முக்கியமாக, பெருநாளுக்கு முந்திய வாரத்தில் அந்தத் தானியங்கிச் சுத்தத்தை நாடாமல் துணியும் சுடுநீரும் கொண்டு துடைக்கலாம்.

இவ்வளவும் தெரிந்த வீட்டுக்காரரிடம், அளக்காமல் 'பலகை போய்விட்டது' என்று சொல்ல எவரும் துணியமாட்டார். தாமே திருத்தாவிடினும், "எத்தனை ஓம் காட்டியது?" என்று கேட்கத் தெரிந்தாலே போதும். பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகள் நான் செய்ததும் அதுதான். அதிகாரி சொன்னதை அப்படியே எழுதாமல், ஆதாரம் எங்கே என்று கேட்டேன். சொந்த வீட்டுக் குசினியில் அதைக் கேட்க மறந்து, தேவையற்ற சுருள் ஒன்றுக்குப் பணம் கட்டினேன்.

சட்டங்களும் மெல்ல அசையத் தொடங்கியுள்ளன. கலிபோர்னியா 2023 இல் நிறைவேற்றிய சட்டம் 2024 யூலை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. நூறு டொலரும் அதற்கு மேலும் பெறுமதியுள்ள வீட்டுச் சாதனங்களுக்கு, உற்பத்தி நின்ற பின்னும் ஏழு ஆண்டுகள் உதிரிப் பாகங்களும் கைநூலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது அது. கனடா 2024 நவம்பரில் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பழுது பார்ப்பதற்காக மென்பொருட் பூட்டைத் திறப்பதை அனுமதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் கொண்டுவந்த திருத்தும் உரிமைப் பணிப்புரையின் பட்டியலில் சலவை இயந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் இருந்தன, போறணை இருக்கவில்லை. சட்டம் வந்தாலும் பாகம்தான் கிடைக்கும். அளந்து பார்க்கும் பழக்கத்தைச் சட்டம் தராது.

எங்கள் நாட்டில் 2022 நெருக்கடியின்போது இறக்குமதி முடங்கியதால், மூலையில் கிடந்த மின்விசிறியையும் அரைக்கும் இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு திருத்துநரின் கடை வாசலில் காத்திருந்தோம். கப்பல் வரத் தொடங்கியதும் அந்தக் கடைகளை மீண்டும் மறந்துகொண்டிருக்கிறோம். வறுமை வந்தால் மட்டும் நினைவுக்கு வரும் அறிவாக இது ஆகிவிடக் கூடாது. புலம்பெயர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு மாற்றி வாங்க வசதி உண்டு. ஆயினும் மகளைப் போன்ற ஒருத்திக்கு, மார்கழியில் ஒரு போறணை நின்றால் அந்த மாத வருமானத்தில் பாதி நிற்கிறது.

நத்தாருக்கு நான்கு நாள் இருக்கையில் கீழ்ப் போறணை மீண்டும் சூடேறியது. மகள் இரவிரவாகக் கேக் செய்து, வாக்களித்தவற்றுள் இரண்டைத் தவிர மற்றெல்லாவற்றையும் கொடுத்து முடித்தாள். அந்த இரண்டு பேருக்கும் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். நான் அளந்து பார்த்த பின் வாய் திறந்திருந்தால் அந்த மூன்று நாளும் மிஞ்சியிருக்கும். இரண்டு கேக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். சுவருக்குள் கண்ட தாளை அவள் மீண்டும் உள்ளே செருகவில்லை. பிரதியெடுத்து உறையிலிட்டு, அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறாள். தேவையற்ற அந்தச் சுருளும் பக்கத்திலேயே தொங்குகிறது. பேரப்பிள்ளைகள் அதற்கு 'அப்பப்பாவின்' என்று பெயர் வைக்கப் பார்த்து, தாய் திருத்தியதும் 'அம்மப்பாவின் சுருள்' என்று மாற்றிக்கொண்டார்கள்.