காரின் ஆயுளும் சில்லின் ஆயுளும்

இயந்திரம் என்றால் தேய்மானம் உண்டு, அது இயற்கை. டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். பிரேக் தேய்ந்தால் காதுக்குக் கேட்கும். ஆனால் இன்றைய காரில் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாமல் தேயும் உறுப்பு ஒன்று உண்டு. அதுவே நினைவகச் சில்லு.

அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் 2018 மார்ச்சுக்கு முன்பு தயாரித்த ‘மாடல் எஸ்’, ‘மாடல் எக்ஸ்’ கார்களில் நடுத்திரைக் கணினிக்கு 8 ஜிகாபைட் நினைவகம் இருந்தது. இத்தகைய சில்லில் குறிப்பிட்ட தடவைகளே அழித்து எழுத முடியும். கணினியோ ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தது. சில்லு தேய்ந்ததும் திரை இருண்டது. பின்புறக் காட்சியும், கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் வசதியும் அதனோடு போயின.

உரிமையாளர்கள் முறையிட்டனர், அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை விசாரித்தது. இச்சில்லின் சராசரி ஆயுள் 5, 6 ஆண்டுகளே. காரின் ஆயுள் முழுதும் உழைக்க வேண்டுமென எதிர்பார்ப்பது பொருளாதார ரீதியில் இயலாது என நிறுவனம் வாதாடியது. எனினும் 2021இல் ஏறத்தாழ 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்து, இலவசமாகப் பழுது நீக்க இசைந்தது.

அவ்வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆயுள் குறைவென்றால், விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமா?

காரில் கணினியே கூடாது என்பதன்று என் கருத்து. தேயும் உறுப்பை எளிதில் மாற்றும்படி அமைக்கட்டும். பாதுகாப்புக்கான வசதிகளை ஒரே திரையின் தயவில் விடாதிருக்கட்டும். வாங்குவோரும் வண்ணத்தையும் வேகத்தையும் மட்டும் விசாரியாமல், “உள்ளே இருக்கும் சில்லு எத்தனை ஆண்டு உழைக்கும்?” என்று கேட்கப் பழகட்டும். கேள்வி பிறந்தால்தான் பொறுப்பும் பிறக்கும்.